மாப்ளைக்கு டி.ஏ. ஏறியிருக்கு

வாரும் மாப்ளே, இப்படிக் கட்டில்ல உக்காரும். கயிறு நேத்துத்தான் மாத்துனது, தைரியமா உக்காரலாம். பென்ஷன் வாங்குத ஆளு கீழ விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டா, டி.ஏ. ஏறுனது எலும்பு ஆஸ்பத்திரிக்கே காணாது.

தெருவெல்லாம் உம்ம பேச்சுத்தான். மூணு சதம் ஏறிருச்சாம்லா? உம்ம அக்கா எந்திரிச்சதுலருந்து மூணு தரம் சொல்லிட்டா, சதத்துக்கு ஒரு தரம். எம்புட்டு ரூவான்னு கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்கு, நீங்க மில்லுக்காரரு"ன்னுட்டா. என்னையக் கட்டுன நாள்லருந்து அவளுக்குத் தம்பி தாலுகா ஆபீஸு, புருசன் மில்லு. அந்த வித்தியாசத்தை அவ ஒருநாளும் மறந்ததில்லை.

மில்லுக்காரன்தான், இல்லைங்கல. ஆனா விலைவாசியும் வருமானமும் எதுவரைக்கும் கூடப் போகும், எந்த முக்குல ஒண்ணு மத்ததைக் கழட்டி விட்டுட்டுப் போகும்னு உம்மளவிட எனக்குத் தெரியும். நீங்க டி.ஏ.ங்குததை நாங்க பஞ்சப்படிம்போம். விலைவாசிப் புள்ளி ஒண்ணு ஏறுனா இத்தனை காசுன்னு கணக்கு. இழை முடியுதவனுக்கும் அதே காசு, மேஸ்திரிக்கும் அதே காசு. உங்க கணக்கு வேற, சதவீதம். உமக்கு அடிப்படைப் பென்ஷன் 20,000னு வச்சுக்கிடுவோம். தலையை ஆட்டாதீரும், உம்ம அக்கா சொல்லிட்டா. மூணு சதம்னா 600 ரூவா. உம்ம பெரிய ஆபீசருக்கு அடிப்படை 60,000னா அவருக்கு 1,800. தக்காளி ரெண்டு பேருக்கும் ஒரே வெலைதான வே? ஆபீசர் வந்தா தக்காளிக்காரி மூணு மடங்கு வாங்குதாளா? இதை மில்லு கேட்டுல நின்னு கேட்டா சங்கத்துக்காரன்னு சொல்லுவீரு, கட்டில்ல உக்காந்து கேட்டா கிறுக்கன்னு சொல்லுவீரு. என்னத்தையும் சொல்லும், கணக்கு கணக்குத்தான்.

இன்னொண்ணு. உம்ம மூணு சதம் மூணு சதமே இல்ல. முகத்தைச் சுளிக்காம கேளும். 55ஆ இருந்தது 2025 ஜூலையிலருந்து 58 ஆச்சு. எதுக்கு மேல? அடிப்படைக்கு மேல. கம்யூட்டேஷன்னு ஒரு பங்கை முன்னாலயே விக்காம முழுப் பென்ஷன் வாங்குத ஆளுக்கு, 20,000த்தோட 55 சதம் 11,000 சேந்து 31,000 வந்துக்கிட்டிருக்கும். இப்பம் 31,600. முப்பத்தோராயிரத்துக்கு அறுநூறு எத்தனை சதம்? ரெண்டுக்கே கொஞ்சம் கொறச்சல். அந்த வருசத் தொடக்கத்துல 53 போயி 55 ஆச்சே, அதை இப்படிப் பாத்தா 1.3 சதம். கணக்கைத் தப்புங்கல, அப்படித்தான் போடணும். காதுல விழுதது மூணு, பையில விழுதது ரெண்டு. டிவியில சொல்லுதது காதுக்குத்தான்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய வெலைப்புள்ளிய எவன் போடுதான்னு கேட்டிருக்கீரா? முப்பது வருசம் ஃபைல் தூக்குன மனுசன், எப்பமாச்சும் கேட்டிருப்பீரு. சிம்லாவுலயும் சண்டிகர்லயும் லேபர் பீரோன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. நாடு பூராவும் 88 ஊரு, 317 சந்தை. அங்கெல்லாம் வெலையக் குறிச்சு, 2016ஐ நூறுன்னு வச்சு மாசா மாசம் ஒரு புள்ளி போடுதாங்க. யாரு வீட்டுச் சாமான் வெலைய? ஆலைத் தொழிலாளி வீட்டுச் சாமான் வெலைய. பேரே ஆலைத் தொழிலாளருக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். எங்க வீட்டு அரிசி, எங்க வீட்டுப் பருப்பு, எங்க வீட்டுச் சீமெண்ணெய். அந்தச் சாமானுக்கு வெலை கூடிருச்சுன்னு உமக்கு ஏத்தம். அந்தச் சாமானை வாங்கித் தின்ன மில்லுக்காரன் ரிட்டயர் ஆனா அவனுக்கு ஒரு காசு ஏத்தம் கிடையாது. இந்தக் கூத்தை யோசிச்சவன் வாய்க்குச் சக்கரை போடணும் மாப்ளே. எனக்குச் சக்கரை வியாதி, அதனால நீரே போட்டுரும்.

அந்தப் பட்டியலையும் பாத்துரும், சுவாரசியமா இருக்கும். வீட்டுச் செலவு நூறு ரூவான்னா சாப்பாட்டுக்கு 39 ரூவா சொச்சம். முந்தின பட்டியல்ல 46 இருந்துச்சு, கொறச்சுப்புட்டாங்க. துணிமணிக்கு ஆறு. விறகு, கேஸு, கரண்டுக்கு அஞ்சரை. வெத்தலை பாக்கு புகையிலை போதை வஸ்து எல்லாம் ஒரே இனம், அதுக்கு ரெண்டு ரூவாயும் கொஞ்சம் சில்லறையும். ராத்திரி எட்டு மணிக்கு டாஸ்மாக் வாசல்ல நின்னு கணக்கெடுத்திருந்தா அந்த ரெண்டை இருவதுன்னு எழுதியிருப்பான். மிச்சம் வாடகை, பள்ளிக்கூடம், பஸ்ஸு, வைத்தியம்னு போகுது.

அது உழைக்குத வயசுக் குடும்பத்தோட பட்டியல். புள்ளைக பள்ளிக்கூடம் போவுது, ஆம்பளை ஷிப்டுக்குப் போறான். உமக்கும் எனக்கும் என்ன செலவு? பாலு, குழைஞ்ச சோத்துக்கு அரிசி, மாத்திரை, ஆட்டோ, திரும்பவும் மாத்திரை. பேரனுக்கு ஃபீஸு கட்டுதோம்னு சொல்லாதீரும், அது செலவு இல்ல, மருமவன் போட்ட வரி.

இது நம்மூர் வழக்கம் மட்டும்னு நினைக்காதீரும். அமெரிக்காவுல கெழடுகட்டைக்குக் குடுக்குத சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் 1975லருந்து வருசா வருசம் தானா ஏறுது. அதுக்கும் அவன் பாக்குதது நகரத்துக் கூலிக்காரன் வீட்டு வெலைப்புள்ளியத்தான். 2010, 2011, 2016 மூணு வருசமும் ஏத்தம் சைபர். 2026க்கு 2.8 சதம் ஏத்தியிருக்கான். சந்தோசப்படுததுக்கு முன்னாலயே வைத்தியக் காப்பீட்டுக்கு மாசம் 185 டாலர் புடிச்சவன் அதை 202 டாலர் 90 காசு ஆக்கிட்டான். வெள்ளைக்காரக் கெழவனும் கட்டில்ல உக்காந்து இதைத்தான் பேசிக்கிட்டிருப்பான். கட்டில் மட்டும் மெத்தையா இருக்கும்.

உமக்கும் அந்தப் புடித்தம் உண்டுல்லா? மருத்துவக் காப்பீட்டுக்கு மாசம் 350 புடிச்சுக்கிட்டிருந்தவங்க 2022 ஜூலையில அதை 497 ஆக்குனாங்க. ஒரே தாண்டுல 42 சதம். அதே வருசம் நவம்பர்ல ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டு லிட்டர் 48லருந்து 60 ஆச்சு. அது 25 சதம். உம்ம டி.ஏ. மூணும் நாலுமா ஏணியில ஏறுது, மத்ததெல்லாம் மாடியிலருந்து குதிக்குது.

மாத்திரை சங்கதி அதைவிட ருசி. பட்டியல்ல இருக்குத அவசிய மருந்துகளுக்கு ஒவ்வொரு ஏப்ரல் ஒண்ணாம் தேதியும் வெலைய ஏத்திக்கிடலாம்னு கம்பெனிக்கு அனுமதி உண்டு. மொத்த விலைக் குறியீடு எம்புட்டு ஏறுச்சோ அம்புட்டு. 2022ல 10.77 சதம். 2023ல 12.12 சதம். ரெண்டையும் சேத்தா 24 சதம். 2024ல ஒண்ணுமில்லைன்னே சொல்லலாம், 2025ல ஒண்ணே முக்கால், நியாயத்தையும் சொல்லணும்லா. ஆக மருந்து விக்குதவனுக்கு வருசா வருசம் பஞ்சப்படி உண்டு. மருந்து தின்னுதவன்ல என்னைய மாதிரி ஆளுக்குக் கிடையாது. அடுத்த பிறவியில மனுசனாப் பொறக்குததைவிட மாத்திரையாப் பொறந்துரலாம்னு இருக்கேன்.

என் பென்ஷனைக் கேக்க வந்தீரா? கேக்க மாட்டீரு, மரியாதை தெரிஞ்ச ஆளு. நானே சொல்லிருதேன். எங்க திட்டம் 1995 நவம்பர் 16ல வந்தது. பி.எஃப். ஆபீஸ்லருந்து வருதது. கணக்கு சுளுவு. சம்பளத்தைச் சர்வீஸால பெருக்கி 70ஆல வகுக்கணும். சம்பளம்னா நீரு கையில வாங்குன சம்பளம்னு நினைச்சுராதீரும், அவன் போட்ட உச்சவரம்பு. நான் வெளிய வந்த 2010ல 6,500. 2014 செப்டம்பர்ல 15,000 ஆக்குனாங்க. ஆக, 35 வருசச் சர்வீஸோட ஒருத்தன் அந்த வரம்புல நின்னு வெளிய வந்தாலும் கணக்குப்படி 7,500தான். அதே 2014ல இன்னொண்ணும் செஞ்சாங்க, யாருக்கும் 1,000 ரூவாய்க்குக் கொறையாம குடுக்கணும்னு. அந்த ஆயிரம் அன்னைக்கு நின்ன எடத்துல இன்னைக்கும் நிக்குது. 7,500 வேணும், அதோட பஞ்சப்படியும் வேணும்னு நாடு பூராவும் கெழவங்க கொடி புடிச்சுப் பாத்துட்டாங்க. கொடியைப் புடிக்கக் கையில பலம் இருக்குதவரைக்கும் புடிப்பாங்க.

எனக்கு 1,640 ரூவா. 2010லயும் 1,640, இன்னைக்கும் 1,640. உமக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் பென்ஷன் எம்புட்டுன்னு மனப்பாடம் பண்ணனும், எனக்கு ஒரு தரம் படிச்சது ஆயுசுக்கும் போதும். கேஸ் சிலிண்டர் கணக்குப் பாப்போமா? நம்மூர் வெலை லாரி வாடகையோட மாறும், டெல்லி வெலையவே எடுத்துக்கிடுவோம். 2010 ஜூன்ல 35 ரூவா ஏத்தி 345 ஆக்குனாங்க. 2025 ஏப்ரல்ல 50 ரூவா ஏத்தி 853 ஆக்குனாங்க. அன்னைக்கு என் பென்ஷனுக்கு நாலு சிலிண்டர் வாங்கி மிச்சக் காசுல உம்ம அக்காளுக்கு ஜவுளிக்கடையில ஒரு சேலை பாத்திருக்கலாம். இன்னைக்கு ரெண்டு சிலிண்டருக்கே அவகிட்டக் கடன் கேக்கணும். அவ தம்பிகிட்ட வாங்கித் தாரேன்னு சொல்லுதா. அதனாலதான் உம்மளக் கட்டில்ல உக்கார வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்.

பயப்படாதீரும், இன்னைக்குக் கேக்கல.

எங்க மதினியத் தெரியும்லா, அந்தக் கடைசி வீடு. அவளுக்கு முதியோர் பென்ஷன் 1,200. இந்தத் திட்டம் நம்ம மாநிலத்துல 1962ல மாசம் 20 ரூவாயில ஆரம்பிச்சது. 2011ல 500ஐ 1,000 ஆக்குனாங்க. பொறவு 2023ல 1,200. கணக்குப் போட்டுப் பாரும், பன்னெண்டு வருசத்துக்கு ஒரு தரம். உமக்கு வருசத்துக்கு ரெண்டு தரம் டி.ஏ., எங்க மதினிக்குக் கும்பகோணத்து மகாமகம் மாதிரி. அடுத்த மகாமகத்துக்குக் குளிக்க அவ இருப்பாளோ என்னமோ. அந்த 1,200ல டெல்லி சர்க்கார் போடுத பங்கு எம்புட்டு தெரியுமா? எண்பது வயசுக்குள்ள இருந்தா 200 ரூவா. எண்பது தாண்டுனா 500. மிச்சம் நம்ம மாநிலக் காசு. அந்த 200, 500க்கெல்லாம் எந்த வெலைப்புள்ளியும் கிடையாது. எந்தச் சந்தையிலயும் எவனும் நின்னு குறிக்கல.

ஆனா ஒரு விசயம் சொல்லுதேன், கவனமாக் கேளும். மதினி என்னைவிடச் சமத்தா மாசத்தை ஓட்டுதா. எப்படி? அவளுக்கு ரூவாயா வருதது கொறச்சல், பொருளா வருதது கூட. ரேஷன்ல அரிசி எடையா வருது. வெளிய கிலோ நாப்பது வித்தாலும் அறுவது வித்தாலும் அவ பையில விழுத எடை அதே எடை. டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு 2021லருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. டீசல் எந்த வெலைக்குப் போனா அவளுக்கு என்ன, பூவு வாங்கணும்னாக்கூட கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப்போறா. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருது, மக்களைத் தேடி மருத்துவம்னு அதுக்குப் பேரு. ஏப்ரல் ஒண்ணாம் தேதி கம்பெனிக்காரன் 12 சதம் ஏத்துனப்பம் அவ வீட்டுத் திண்ணையில அதோட வாடையே அடிக்கல. உம்மள ஆட்டி வச்ச வெலைப்புள்ளி அவ அரிசிப் பானைக்குள்ள நுழைய முடியல. நீரு சதவீதத்தைப் பாத்துக்கிட்டிருக்கீரு, அவ படிய நிரப்பிக்கிட்டிருக்கா. ஆனா அந்த 1,200லருந்து வாங்க வேண்டியதெல்லாம், சோப்பு, எண்ணெய், மொளகா, வெத்தலை, கரண்டு, அதெல்லாம் வருசா வருசம் சுருங்கிக்கிட்டுத்தான் வருது. மொதல்ல எண்ணெய் கொறையும், பொறவு மொளகா. வெத்தலைய மட்டும் விடமாட்டா. சிம்லாக்காரன் பட்டியல்ல அதுக்கு ரெண்டு ரூவா போட்டது எங்க மதினியப் பாத்துத்தான்னு சொன்னாலும் நம்புவேன்.

சரி, உமக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லி அனுப்பணும், உம்ம அக்கா அதுக்குத்தான் என்னைய இங்க உக்கார வச்சிருக்கா.

டி.ஏ. அறிவிப்பு வருத அன்னைக்கு வீட்டு டிவியில கார்ட்டூன் வச்சு விட்டுரும். செய்தியப் பாத்தா மவனுக்கு வண்டிச் சர்வீஸ் ஞாபகம் வரும், மவளுக்கு வளைகாப்பு ஞாபகம் வரும், டீக்கடைக்காரனுக்குப் பழைய பாக்கி ஞாபகம் வரும். அறுநூறு ரூவா வருததுக்குள்ள ஆறாயிரத்துக்குத் திட்டம் போட்டிருவாங்க. எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல. 1,640 பேரைச் சொல்லி ஒருத்தனும் என்கிட்டக் கடன் கேட்டதில்லை. அது ஒரு நிம்மதிதான், இப்பத்தான் யோசிக்கேன்.

நிலுவைன்னு ஒண்ணு வரும். ஜூலைக்குரியதை டெல்லிக்காரங்க அக்டோபர் ஒண்ணாம் தேதிதான் சொன்னாங்க, நம்ம கோட்டையில அதுக்குப் பொறவு. அதுக்குள்ள நாலு மாசம் நீரு பழைய பென்ஷன்ல புது வெலைக்குச் சாமான் வாங்கியாச்சு. 600 வீதம் நாலு மாசம், 2,400 ஒரே நாள்ல வந்து விழும். பாத்த உடனே லாட்டரி விழுந்துருச்சுன்னு தோணும். அது லாட்டரி இல்ல வே, நாலு மாசமா உம்ம கையிலருந்து போன காசுதான் திரும்பி வருது. அதைக் கொண்டு போயி மிக்ஸி வாங்கிராதீரும். உம்ம அக்காளும் உம்ம வீட்டுக்காரியும் ரெண்டு பேருமே மிக்ஸி வேணும்னுதான் சொல்லுவாங்க, மாவு அரைக்கதென்னமோ உரல்லதான்.

ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வரும்னு மட்டும் நம்பிக் கடன் வாங்காதீரும். 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி, மூணு தவணைய டெல்லியில நிறுத்தி வச்சாங்களே, மறந்துட்டீரா? கொரோனான்னாங்க. பொறவு ஏத்தத்தைக் குடுத்தாங்க, அந்தப் பதினெட்டு மாச நிலுவையக் குடுக்கல. 34,402 கோடி மிச்சம்னு பார்லிமெண்ட்லயே சொன்னாங்க. நம்ம மாநிலத்துல 17 சதத்துலயே நின்னு 2022 ஜனவரியிலதான் 31 ஆச்சு. கொரோனாவுக்கு வந்த நன்கொடையில பெருசு எதுன்னு கேட்டா, டாட்டாவையும் அம்பானியையும் சொல்லுவாங்க. டெல்லி சர்க்கார் ஊழியரும் பென்ஷன்காரரும் எழுதாம போட்ட அந்த 34,000 கோடியை எவனும் சொல்லமாட்டான். ரசீதும் தரல.

டி.ஏ.வுக்குப் பாக்குதது 12 மாசச் சராசரியாம், அதையும் தெரிஞ்சுக்கிடும். 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போச்சே, ரேஷன் கடையில 60 ரூவாய்க்கு வித்தாங்களே, அந்த ஏத்தமெல்லாம் வருசச் சராசரியில கரைஞ்சு போகும். சராசரிக்குத் தக்காளி வெலை தெரியும், ஆடி மாசத்து ரசம் தெரியாது. அந்த மாசத்துல புளியைக் கூடப் போட்டுக்கிடும்.

எண்பது வரைக்கும் சாகாதீரும். சிரிக்காதீரும், கணக்குத்தான் சொல்லுதேன். எண்பது ஆனா அடிப்படைப் பென்ஷன்ல 20 சதம் கூடும். 85ல 30, 90ல 40, 95ல 50. நூறு ஆனா இரட்டிப்பு. இந்த விதிய எழுதுன ஆபீசர் மகா தாராளம். நூறு வயசுக்காரன் எத்தனை பேரு வந்து நிப்பான்னு அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் எண்பதுன்னுறது எட்டுத உசரம்தான். உமக்கு இன்னும் இருவது வருசம் இருக்கு. பீடியை விட்டுட்டு நடந்து திரியும். 20,000த்துல 20 சதம் 4,000, அதுக்கும் மேல டி.ஏ. உண்டு. இம்புட்டு வட்டி எந்த பேங்குக்காரனும் தரமாட்டான், முதலீடு உம்ம ஈரலும் நுரையீரலும்.

அதுக்கு வருசா வருசம் உயிரோட இருக்கீரான்னு நிரூபிக்கணும். கருவூலத்துக்கு நேர்லயும் போகலாம், போஸ்ட்மேனை வீட்டுக்கும் வரச் சொல்லலாம். அவரு விரல் ரேகை மெஷினோட வருவாரு, 70 ரூவா குடுத்தா உமக்கு உயிர் இருக்குன்னு எழுதிக் குடுப்பாரு. எனக்கு இழை முடிஞ்சு முடிஞ்சு ரேகையே தேஞ்சு போச்சு, மெஷின் என்னையப் பாத்துட்டு ஆளில்லைன்னு சொல்லுது. இப்பம் மூஞ்சியக் காட்டினாலே போதும்னு செல்போன்ல வச்சிருக்காங்க. உம்ம அக்கா புடிச்சுக் காட்டுனா. மூஞ்சி எடுபட்டுருச்சு. "இந்த மூஞ்சிக்கு 1,640ஆ"ன்னு அவ கேட்டது மட்டும் மெஷின்ல பதியல.

கடைசியா, கம்யூட்டேஷன். மூணுல ஒரு பங்கை வித்து மொத்தமா வாங்குனீருல்லா, வீட்டு மாடி அதுலதான் ஏறுச்சு. மாசம் 6,666 ரூவா அதுக்காகப் போய்க்கிட்டிருக்கு. அது 15 வருசத்துக்குத்தான். பதினஞ்சு முடிஞ்ச மாசம் திரும்ப முழுப் பென்ஷனாகணும். எந்த மாசம், எந்த வருசம்னு ரேஷன் கார்டு அட்டையில எழுதி ஒட்டி வையும். உம்ம ஃபைல் எந்த ரேக்குல தூங்குதுன்னு கண்டுபிடிக்கிற வித்தை உமக்குத் தெரியாததா, நீரே எத்தனையைத் தூங்க வச்சிருக்கீரு. ஆனா டி.ஏ. முழு அடிப்படைக்கும்தான் போடுவாங்க, வித்த பங்குக்கும் சேத்து. இதை உம்ம அக்காகிட்டச் சொல்லிராதீரும், சொன்னா வித்தது நட்டமில்லைன்னு ஆயிரும், மாடி கட்டுனதுக்கு நான் சொன்ன குறையெல்லாம் வீணாப் போயிரும்.

எந்திரிக்காதீரும், இரும். மேலத்தெரு கண்ணு தெரியாத கெழவிக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதணும். ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு தரம் வயசுச் சான்று, ஒரு தரம் ஆதார்ல பேரு ஒரு எழுத்து மாறிருக்குன்னு. எந்தக் காயிதம் எந்த மேசையில மாட்டும்னு இந்த ஊர்ல உமக்குத்தான தெரியும். கோடு போட்ட தாள் உள்ள இருக்கு, பேனா உம்ம சட்டைப் பையில இருக்கு. நான் போயி அவளைக் கையைப் புடிச்சுக் கூட்டியாரேன். அதுவரைக்கும் "பெறுநர், வட்டாட்சியர் அவர்கள்"னு எழுதி வையும். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அங்க இருக்குத பயலுக்கும் கண்ணாடி போட்டாத்தான் தெரியுது.